மச்சான் கையில் இல்லாத கயிறு

மலாக்காவில், புக்கிட் காத்தில் என்ற ஊரில், சாலையோரம் ஒரு தூங்குமூஞ்சி மரத்தைக் கிளை கழித்துக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸுக்கு நின்றவள் பஸ்ஸைப் போகவிட்டேன். மேலே இருந்தவனுக்கு இடுப்பில் தோல்வார், வாரில் இரும்புக் கொக்கி, தலையில் மஞ்சள் தொப்பி. கீழே இருந்தவன் லாரியில் சாய்ந்து சிகரெட் இழுத்துக்கொண்டிருந்தான். மேலே இருப்பவனின் கயிறு அவன் கையில் இல்லை. மரத்தடியில் கட்டியிருந்த ஓர் இரும்புப் பூட்டில் அது பாட்டுக்கு மாட்டிக் கிடந்தது.

"தம்பி, மேலே இருக்கிறவரு உனக்கு என்ன முறை?"

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "மொறையா? ஒரு மொறையும் இல்லக்கா. மூவார் ஊர்க்காரன். ஏன், மாப்பிள்ளை பாக்கிறீங்களா?"

"கயித்தை யாரு பிடிக்கிறது?"

"யாரு பிடிக்கணும்? அது தானா பிடிச்சுக்கும்லா."

தானாகப் பிடித்துக்கொள்ளுமாம். வெயில் கண்ணைக் குத்திற்று. இரும்புக்கு முறை இல்லை. அது யாருடைய தங்கைக்கும் அண்ணன் இல்லை. யாருடைய மனைவி மேலும் அதற்குக் கண் இல்லை. அப்படி ஒரு துண்டு இரும்பு அன்றைக்கு எங்களிடம் இருந்திருந்தால் என்று நினைத்தேன். நினைத்த உடனே வாய் கசந்தது. இருந்திருந்தாலும் அது யார் வீட்டு இரும்பு என்று கேட்டிருப்போம். எங்களைத் தெரியாதா எனக்கு?

எங்கள் தோட்டம் லூபோக் சீனா ஊரிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. வெள்ளைக்காரனுக்கும் காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கும் சண்டை நடந்த அவசரகாலம். நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி. கம்பிக்கு வெளியே காடு, காட்டுக்குள் துப்பாக்கிக்காரர்கள். கம்பிக்கு உள்ளே நாங்கள், எங்களைச் சுற்றியும் துப்பாக்கிக்காரர்கள். இரண்டு பேருமே எங்களைக் காப்பாற்றுவதாகத்தான் சொன்னார்கள். பொழுது சாய்ந்தால் கேட்டு மூடும். அரிசி அளந்து வரும். காட்டுக்காரர்களுக்குப் போய்விடுமாம், கம்பிக்கு வெளியே ஒரு பருக்கை கொண்டுபோகக் கூடாது. ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போகிறவள் வெறும் வயிற்றோடு போய் வெறும் வயிற்றோடு திரும்ப வேண்டும். போகும்போது கேட்டில் முந்தானையை உதறிப் பார்ப்பார்கள்.

மனிதர்களைச் சந்தேகப்பட்டு முடித்தபின் மரங்களைச் சந்தேகப்பட்டார்கள். சாலையோர மரம் எதிரிக்கு மறைவு. கம்பிப் பக்கத்து மரம் எதிரிக்கு ஏணி. எல்லாவற்றையும் வெட்டு என்றது ஆபீஸ். வெட்டலாம், சாய்க்க இடம் வேண்டுமே? லயத்துக் கூரைக்குப் பக்கத்தில் நிற்கும் மரத்தைக் கிளை கிளையாகக் கழிக்க வேண்டும். ஒவ்வொரு கிளையையும் கயிற்றில் கட்டிக் கப்பியில் விட்டு இறக்க வேண்டும். அதற்கு என் வீட்டுக்காரரைப் பிடித்தார்கள். அவர் தோட்டத்துத் தென்னைகளில் கள் இறக்குகிறவர். தென்னை ஏறுகிறவன் எதிலும் ஏறுவான் என்பது ஆபீசின் நினைப்பு. தென்னை ஒற்றை உடம்பு, கட்டிப்பிடித்தால் போதும். கிளைவிட்ட மரத்துக்கு ஆயிரம் கை. எந்தக் கை தாங்கும், எந்தக் கை தள்ளிவிடும் என்று ஏறித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் ஏறித் தெரிந்துகொண்டார்.

கிளைக்கு ஒரு கயிறு, அவர் உயிருக்கு ஒரு கயிறு. உயிர்க்கயிறு கட்டைவிரல் பருமனுள்ள மணிலாக் கயிறு. ஒரு நுனி அவர் இடுப்பில். அங்கிருந்து தலைக்கு மேலே உறுதியான ஒரு கவையில் ஏறி மறுபக்கம் இறங்கும். கீழே மரத்தூரைச் சுற்றி இரண்டு சுற்று, அப்புறம் ஒரு மனிதரின் கை. மேலே அவர் நகர நகரக் கீழே இருப்பவர் இழுத்தும் தளர்த்தியும் கொடுப்பார். கால் வழுக்கினால் தூரில் சுற்று இறுகும். ஆள் தொங்குவார், விழமாட்டார்.

அந்தக் கை என் அண்ணனுடையது. அதில் பேச்சுக்கே இடமில்லை. மனைவியின் கூடப்பிறந்தவன்தான் கயிறு பிடிக்க வேண்டும் என்பது எங்கள் ஆட்களின் முறை. கடலுக்கு அந்தக் கரையில், ஊரில், மலைத்தேன் எடுக்கப் பாறையிலிருந்து கயிற்றில் இறங்கிய காலத்துப் பழக்கம். காரணத்தைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். மச்சான் விடமாட்டான், விட்டால் அவன் தங்கச்சி தாலி போய்விடும். பங்காளி விடுவான், அண்ணன் விழுந்தால் தம்பிக்கு நிலமும் உண்டு, அண்ணியும் உண்டு. எங்களுக்கு ஏது நிலம்? ஒரு லயத்து அறை, அதுவும் துரையுடையது. பிடிமண்ணுக்கும் வழியில்லாதவர்கள், நிலம் வைத்திருந்தவர்களின் பயத்தை மட்டும் பத்திரமாகக் கப்பலேற்றிக் கொண்டுவந்திருந்தார்கள்.

அண்ணன் அந்தக் கயிற்றை என் அடுப்புக்கு மேலே மூங்கிலில் தொங்கவிடுவார். காலையில் இறக்கி, மஞ்சள் தண்ணீரில் கையை நனைத்து, நுனியிலிருந்து நுனிவரை உள்ளங்கைக்குள் மெல்ல ஓடவிடுவார். உதடு ஏதோ முணுமுணுக்கும். சாமி கும்பிடுகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவரும் அப்படித்தான் நினைத்தார். கயிற்றை யாரும் தாண்டக் கூடாது. பெரிய மரமானால் தூரில் வெற்றிலை, சூடம், மஞ்சள் துணியில் முடிந்த ஒரு பிடி பச்சரிசி. மரத்தில் குடியிருப்பவர்களிடம் வழி கேட்கிற அரிசி அது. அப்புறம்தான் கத்தி.

வேலை நடக்கும்போது இரண்டு பேர் வாயும் ஓயாது. கிளை இழுக்கிற பெண்கள் கூட்டத்தில் நானும் இருப்பேன். எங்களுக்கு அது கூத்து.

"மச்சான்! தொங்கல் அதிகம், இழுங்க!" மேலிருந்து.

"இழுத்தா மேலேயே போயிடுவே மாப்ளே. காலை எங்க வச்சிருக்கே?"

"வச்ச எடத்துலதான் இருக்கு, நடுங்குது. ராத்திரி ஒங்க தங்கச்சி வச்ச கொழம்பு."

"அந்தக் கொழம்புலேருந்து காப்பாத்தத்தானே ஒன்னை மரத்துல ஏத்தி வுட்டிருக்கேன்! எறங்கி வந்தா மிச்சத்தையும் ஊத்தும், பாத்துக்க!"

நான் கீழேயிருந்து ஒரு குச்சியை எடுத்து அண்ணன்மேல் எறிவேன். அந்த நேரத்திலும் அவர் கை கயிற்றை விட்டதில்லை. சிரிக்கும்போதும் கயிறு இறுகியே இருந்தது. கேலி எதற்கு என்று இப்போது தெரிகிறது. பேச்சு அறுபடாமல் இருந்தால், மேலே இருப்பவன் எங்கே இருக்கிறான், மூச்சு வாங்குகிறானா, பயந்திருக்கிறானா என்று கீழே தெரிந்துகொண்டே இருக்கும். மச்சானைத்தான் அப்படிக் கேலி செய்ய முடியும்.

ஒருநாள் பெரட்டில், காலையில் ஆள் எண்ணும் களத்தில், வேலையை மேற்பார்க்கும் தண்டல் தொண்டையைக் கனைத்தார்.

"கயிறு, ரம்பம், பாராங் கத்தி எல்லாம் வேலை முடிஞ்சதும் ஸ்டோர்ல வந்து சேரணும். லயத்துல ஒரு மொழக் கயிறு கெடந்தாலும் மாத்தா-மாத்தா போலீசு வந்து கேப்பான். கம்பி தாண்டவா, காட்டுக்கு அனுப்பவான்னு கேப்பான். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க."

"அப்போ மாட்டை எதுல கட்டுறது தண்டலே?" என்றாள் ஒருத்தி.

"ஒம் முந்தானையில கட்டு."

"அதுல ஏற்கெனவே ஒண்ணு கட்டிக் கெடக்கே!" பக்கத்தில் நின்ற புருஷனைக் காட்டினாள். போலீஸ் பயத்திலும் களம் முழுக்கச் சிரித்தது.

ஸ்டோர் என்பது ரப்பர்ப் பாலை உறையவைத்துத் தகடு போடும் கொட்டகை. உறைய ஊற்றும் ஆசிட் ஜாடிகள் அதன் மூலையில் வரிசையாக நிற்கும். அந்த மூலையில்தான் காலி இடம் இருந்தது. கயிற்றுச் சுருள் அங்கே போனது. தரை எப்போதும் ஈரம்.

அண்ணனுக்கு ஆத்திரம். ஆசிட்டைப் பற்றி அல்ல. "கண்டவனும் பூட்ஸ் காலோட தாண்டிப் போறான். கயிறு என்ன வாசப்படியா?" என்று கத்துவார். காலையில் ஸ்டோர் வாசலிலேயே உட்கார்ந்து, மஞ்சள் தண்ணீரைத் தொட்டுக் கயிற்றை ஓடவிடுவார். ஒருமுறை கை நடுவில் நின்றது. அந்த இடத்தைத் திருகிப் பார்த்தார். அங்கே கயிறு கருத்து விறைத்திருந்தது. கத்தியை எடுத்து அதுவரைக்கும் வெட்டிக் காட்டில் எறிந்தார். "எவனோ தீட்டோட தாண்டியிருக்கான்," என்றார். சரியான இடத்தில் வெட்டினார், தப்பான காரணத்துக்காக. அதுவே போதுமானதாக இருந்தது, அவர் இருந்தவரைக்கும்.

அவர் அதிக நாள் இருக்கவில்லை. சாலை வளைவில் ஒரு பெரிய மரம் கழிக்கப் போன காலையில், கேட்டில் வெள்ளைக்கார அதிகாரி முன்னால் சோதனை. அண்ணன் மடியிலிருந்து மஞ்சள் துணி முடிச்சு விழுந்தது. அவிழ்த்தார்கள். ஒரு பிடி பச்சரிசி.

"யாருக்கு?"

"மரத்துக்கு," என்றார் அண்ணன்.

உடனிருந்த கிராணியார், ஆபீசில் கணக்கெழுதுகிற எங்கள் ஆள்தான், தலையில் அடித்துக்கொண்டார். "மரத்துக்கா? யோவ், இதை நான் இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றது? மரம் சோறு திங்குதுன்னா?"

"திங்காது. கேட்டுக்கிட்டு வெட்டணும்ங்க."

"யாருகிட்ட கேக்கணும்?"

"மரத்துல இருக்கிறவங்ககிட்ட."

அவ்வளவுதான். மரத்தில் யாரோ இருக்கிறார்கள், அவர்களுக்கு அரிசி கொண்டுபோகிறான் என்பது மட்டும் அடுத்த மொழிக்குப் போய்ச் சேர்ந்தது. லாரியில் ஏற்றினார்கள். அண்ணன் லாரியிலிருந்து என்னைப் பார்க்கவில்லை, என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "மாப்ளே, நான் வர்ற வரைக்கும் ஏறாதே!" என்று கத்தினார்.

என் வீட்டுக்காரர் ஏறவில்லை. கொஞ்ச நாள் தட்டிக்கழிக்க முடிந்தது. இடுப்பு வலி, காய்ச்சல் என்று ஏதேதோ சொன்னார். லயத்து மூலையில் கம்பிக்கு மேலே கிளை நீட்டிக்கொண்டு ஒரு தூங்குமூஞ்சி மரம் நின்றது. மலாய்க்காரர்கள் அதை அஞ்சு மணி மரம் என்பார்கள். பொழுது சாய இலைகளை மூடிக்கொள்ளும். எங்கள் கேட்டும் ஏறக்குறைய அப்போதுதான் மூடும். அந்த ஒரு கிளையில் நடந்தால் ஒரு பூனை கம்பியைத் தொடாமல் காட்டுக்குப் போய்விடலாம். தண்டல் எங்கள் வாசலுக்கே வந்தார்.

"அந்தக் கெளை எப்போ எறங்கும்?"

"மச்சான் வரட்டும் தண்டலே."

"மச்சான் எப்போ வருவானோ, எங்க அனுப்பிட்டாங்களோ. கயிறு பிடிக்க ஆம்பளை போதும். ஒந் தம்பி இருக்கான்ல?"

"தம்பி பிடிக்கிறது மொறை இல்ல."

தண்டல் குரலைத் தாழ்த்தினார். "மொறையை உள்ள உக்காந்திருக்கிற ஒம் மச்சான்கிட்ட கேளு. நீ அந்தக் கெளையை யாருக்காக வச்சிருக்கேன்னு நாளைக்குக் கேப்பாங்க. அதுக்கு என்ன சொல்லுவே?"

என் வீட்டுக்காரர் சம்மதித்தார்.

அவருடைய தம்பி, என் கொழுந்தன், எனக்கு ஒத்த வயது. பால்மரம் வெட்டுகிறவன். கல்யாணம் ஆகவில்லை. அதிகம் பேசமாட்டான், அண்ணன் எதிரே உட்காரவும் மாட்டான். அன்று காலை ஸ்டோரிலிருந்து கயிற்றைத் தோளில் தூக்கி வந்தான். நான் பழக்கத்தில் மஞ்சள் தண்ணீர் கரைத்துச் சட்டியில் வைத்திருந்தேன்.

"அண்ணே, மஞ்ச தடவட்டுமா?" என்று கேட்டான்.

"அது மச்சான் செய்றது. நீ செய்யக் கூடாது. சும்மா பிடி, போதும்."

கொழுந்தன் சட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கயிற்றைச் சுருளாகவே கொண்டுபோனான். அந்தச் சுருளின் அடிப்பக்கத்தை யார் உள்ளங்கையும் தொடவில்லை. மச்சானுக்கு மட்டும் உரிய பூசை. பங்காளி கை பட்டால் தோஷம். எத்தனை ஒழுங்கானவர்கள் நாங்கள்! சாகப்போகிற இடத்திலும் யார் எதைத் தொடலாம் என்பதில் தவறவே மாட்டோம்.

மரம் ஏறினார். கயிறு கவையில் ஏறி இறங்கியது. தம்பி தூரில் இரண்டு சுற்று போட்டு, கால் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து நின்றான். நான் பார்த்தேன். சரியாகத்தான் நின்றான். ஆனால் அந்த அமைதி! அண்ணன் தம்பிக்குள் கேலி கிடையாது. தம்பி அண்ணனைப் பார்த்து "கால் நடுங்குதா" என்று கேட்க முடியுமா?

"அண்ணே, தொங்கல் சரியா?"

"ம்."

அந்த "ம்" தவிர ரம்பச் சத்தம் மட்டும். கிளை இழுக்கிற பெண்கள்கூடச் சிரிக்க மறந்து நின்றோம். சின்னக் கிளைகள் இறங்கின. கடைசியாகக் கம்பி தாண்டிப் போன அந்தப் பெரிய கிளை. அதன் நுனிப்பாதி அறுந்து கப்பிக் கயிற்றில் தொங்கியது. பாரம் போன மீதிக்கிளை, முதுகைச் சிலிர்க்கும் மாடு மாதிரி, மேலே எகிறியது. அவர் அதன்மேல் இருந்தார். கால் பிரிந்தது. இடுப்புக் கயிறு இறுகியது. ஒரு கணம் தொங்கினார். என் கண்ணால் பார்த்தேன், தொங்கினார். அப்புறம் கவையில் ஒரு சின்னச் சத்தம், காய்ந்த காம்பு முறிகிற அளவுதான். அவர் கம்பிக்கு இந்தப் பக்கம், கல்தரையில் விழுந்தார்.

கீழே தம்பி முழு பலத்தோடு பின்னால் சாய்ந்திருந்தவன் அல்லவா? இழுக்க ஒன்றும் இல்லாமல் மல்லாந்து விழுந்தான். கயிறு தளர்ந்து அவன்மேல் விழுந்து கிடந்தது. ஓடிவந்தவர்கள் கண்டது இதைத்தான். மேலேயிருந்தவன் தரையில். கயிறு பிடித்தவன் மல்லாந்து. கயிறு கையில் இல்லை.

"விட்டுட்டான்!" என்று ஒரு குரல். யாருடைய குரல் என்று தெரியாது. அது லயத்தின் குரல்.

அவன் கைகளைப் பிடித்து விரித்துப் பார்த்தார்கள். கயிறு ஓடினால் உள்ளங்கை உரியும், அது எல்லோருக்கும் தெரியும். அவன் கையில் உரிந்த தடம் இல்லை. கயிறு ஓடவில்லை, அதனால் உரியவில்லை. ஆனால் அவர்கள் வேறு மாதிரி படித்தார்கள்.

"பாத்தியா? ஒரு கீறல் இல்ல. பிடிச்சிருந்தா உரிஞ்சிருக்காது?"

"பங்காளி பங்காளிதான்டி."

"வயசுப் பையன். அண்ணியும் சின்னப் பொண்ணு." இது தாழ்ந்த குரலில், நான் கேட்கும்படியான தாழ்ந்த குரலில்.

அவரைக் கதவுப் பலகையில் கிடத்தித் தூக்கிப்போனபோது நான் கயிற்றின் அறுந்த நுனியை மிதித்தேன். குனிந்து எடுத்தேன். வெட்டின நுனி இல்லை, தேய்ந்து அறுந்த நுனியும் இல்லை. கருத்துப்போய், நார் நாராகப் பொடிந்திருந்தது. நகத்தால் கிள்ளினேன், மக்கிய சாக்கு போல வந்தது. மூக்கருகில் கொண்டுபோனேன். கட்டெறும்பை நசுக்கினால் வருமே ஒரு புளித்த காட்டம், அது. கல்யாணத்துக்கு முன்னால் நான் ஸ்டோரில் தகடு போட்டவள். என் பாவாடைக் கரைகள் எல்லாம் அந்த ஆசிட் தெறித்து இப்படித்தான் ஓட்டை விழுந்து உதிரும். அம்மா திட்டிக்கொண்டே ஒட்டுப் போடுவாள். எனக்கு அந்த வாசனையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தண்டலிடம் நுனியைக் காட்டினேன். "இதைப் பாருங்க. ஆசிட் தின்னிருக்கு. ஸ்டோர்ல ஜாடிப் பக்கத்துல கெடந்த கயிறு."

அவர் பார்த்தார். புரிந்தது அவருக்கு, கண் ஒருமுறை ஸ்டோர்ப் பக்கம் போய்வந்தது. "ஸ்டோர்ல வைக்கச் சொன்னது ஆர்டர். நீ ஆர்டரைக் குத்தம் சொல்றியா?"

"கயித்தைச் சொல்றேன்."

"ஒங்கண்ணன் இன்னும் உள்ளதான் இருக்கான். நெனப்பிருக்கட்டும்." நுனியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மறுநாள் கயிறே இல்லை. ரப்பர்த் தகடு காயவைக்கும் புகைக்கூண்டு அடுப்பில் போய்விட்டது என்றார்கள். அதை எரிக்க யாரும் ஆர்டர் கேட்கவில்லை.

நான் லயத்தில் சொன்னேன். கிணற்றடியில் சொன்னேன். "அப்படியாடி?" என்று கேட்டுவிட்டுக் குடத்தைத் தூக்கினார்கள். கயிறு எப்படி அறுந்தது என்பது அவர்களுக்குச் சப்பென்ற கதை. எவன் பிடித்தான் என்பதுதான் கதை. பாட்டனுக்குப் பாட்டன் காலத்திலிருந்து தயாராக இருந்த கதை. அதற்கு ஓர் ஆள் மட்டும்தான் தேவையாக இருந்தது. ஆபீசுக்கு எங்களை ஏமாற்றுகிற வேலைகூட இல்லை.

மலாக்கா டவுன் ஆஸ்பத்திரியில் அவர் இடுப்பெலும்பு உடைந்து கிடந்தார். பாஸ் வாங்கிக்கொண்டு போனேன். நெற்றியைத் துடைத்துவிட்டு, மெதுவாக, "தம்பி விடலைங்க. கயிறு அறுந்துச்சு. ஆசிட்டு. நான் மோந்து பாத்தேன்," என்றேன்.

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நீ எதுக்கு அவனுக்காகப் பேசுறே?"

அதற்குமேல் நான் வாய் திறக்கவில்லை. பேசுகிற ஒவ்வொரு சொல்லும் அவனுக்கு ஒரு கல். எனக்கும் ஒரு கல்.

சில மாதம் கழித்து அண்ணனை விட்டார்கள். கன்னம் ஒட்டி, முடி வெட்டி, வேறு யாரோ போல வந்தார். என் வீட்டுக்காரர் கட்டிலில் கிடந்த கோலத்தைப் பார்த்தார். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முதல் வார்த்தையாக, "எவன் பிடிச்சான்?" என்றார்.

எந்தக் கயிறு என்று கேட்கவில்லை. எங்கே வைத்திருந்தார்கள் என்று கேட்கவில்லை. அந்தக் கயிற்றில் கருத்த இடத்தைத் தன் கையால் ஒருமுறை வெட்டி எறிந்தவர். நான் அதை நினைவுபடுத்தினேன். "அது தீட்டு. இது துரோகம். ஒண்ணோட ஒண்ணைக் கொழப்பாதே," என்றார். போய்த் தம்பியின் முகத்தில் துப்பினார். அவன் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

அதன்பின் சீக்கிரத்திலேயே எங்கள் பக்கத்தை வெள்ளைப் பகுதி என்று அறிவித்தார்கள். கட்டுப்பாடு போனது. கேட்டு இரவிலும் திறந்து கிடந்தது. அரிசியை யாரும் எங்கேயும் கொண்டுபோகலாம், மரத்துக்கும் கொடுக்கலாம், மரம்தான் இல்லை. கயிற்றை இனி லயத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று தண்டல் பெரட்டில் சொன்னார். சொல்லும்போது என் பக்கம் பார்க்கவில்லை.

கம்பியைச் சுருட்டிய வாரம் கொழுந்தன் வந்தான். தஞ்சோங் கிளிங் கடற்கரையில் வலை இழுக்கிற வேலை கிடைத்திருக்கிறதாம். உள்ளே வரவில்லை. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என் எதிரே நின்றான்.

"அண்ணி, நான் போறேன்."

"சாப்பிட்டியா தம்பி?"

அவன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்தான். "அண்ணி, நீங்க அங்கதானே நின்னீங்க. நெஜத்தைச் சொல்லுங்க. நான் பிடிச்சேனா?"

முதலில் எனக்கு விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது. அவன் என்னிடம் சாட்சி கேட்கவில்லை. அவனுக்கே தெரியவில்லை. இத்தனை பேர் சொல்லிச் சொல்லி, இருந்த ஒரே சாட்சியையும் அவனுக்குள்ளிருந்து பிடுங்கிவிட்டார்கள்.

"பிடிச்சே தம்பி. நல்லா பிடிச்சே. நான் பாத்தேன்."

"யாருகிட்ட பேச்சு அங்க?" என்று உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் குரல் கேட்டது.

கொழுந்தன் தலையை ஆட்டிக்கொண்டு போனான். நம்பினானா, தெரியாது. பல வருஷம் கழித்து ஒருமுறை பாசாரில் பார்த்தேன். மீன்கூடை தூக்கிக்கொண்டிருந்தான். வலைக்கயிறு உரித்து உரித்து உள்ளங்கை மாட்டுக் குளம்பு போல இருந்தது. கூடையை இறக்கிவிட்டு அந்தக் கைகளை எனக்குக் காட்டினான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் வீட்டுக்காரர் செத்ததற்குச் சொல்லி அனுப்பினேன். வந்து சந்துமுனையில் நின்றான். என் அண்ணன் அவனைப் பாடையைத் தொடவிடவில்லை. இப்போது அவனும் இல்லை.

புக்கிட் காத்தில் சாலையில் மரம் கழித்து முடிந்துவிட்டது. மேலே இருந்த மூவார்காரன் இறங்கி, கொக்கியைக் கழற்றிவிட்டு, ஓரத்தில் ஒன்றுக்குப் போனான். சிகரெட்காரன் கயிற்றைச் சுருட்டி லாரிக்குள் எறிந்தான். உள்ளே ஒரு பழைய பேட்டரி கவிழ்ந்து ஒழுகிக்கொண்டிருந்தது. சுருள் அதன்மேல் போய் விழுந்தது.

"தம்பி, அதை அங்க போடாதே. பேட்டரித் தண்ணி கயித்தைத் தின்னுடும்."

"ஏக்கா, இது நைலான் கயிறு. லாரியவே கட்டி இழுக்கலாம், ஒண்ணும் ஆகாதுலா." கதவைச் சாத்தப் போனான்.

"கெட்ட சகுனம் தம்பி," என்றேன். "கயித்தை பேட்டரி ஈயத்து மேல போட்டா ஏறினவன் வீட்டுல எழவு விழும்."

அவன் கை நின்றது. மூவார்காரனைத் திரும்பிப் பார்த்தான். லாரிக்குள் ஏறி, சுருளை எடுத்து உதறி, முன்சீட்டில் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"முன்னாடியே சொல்லக் கூடாதாக்கா," என்றான்.